விருப்பப்படி வரையவிடும் ஓவிய வகுப்பு: எங்கே சறுக்குகிறோம்?

இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. கரும்பலகையில் ஆசிரியர் போட்டதை வகுப்பே பார்த்து வரையும். இதை விட்டு, எதை வரைவது, எதில் வரைவது என்பதைப் பிள்ளைகளிடமே விடும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி ஓவிய ஆசிரியர்கள் 1970களிலிருந்து இதை வளர்த்தெடுத்தார்கள். குழந்தைதான் கலைஞர், வகுப்பறை அந்தக் கலைஞரின் பட்டறை என்பதே அதன் அடிப்படை. நல்ல முறைதான். ஆனால் தொடங்கிய வேகத்திலேயே பலர் கைவிடுகிறார்கள், பெரும்பாலும் ஆரம்ப ஏற்பாட்டில் நடக்கும் தவறால்.

முதல் நாளே அலமாரியைத் திறந்து, "எதை வேண்டுமானாலும் எடுத்துக்கோங்க" என்பதுதான் பெரிய தவறு. அரை மணி நேரத்தில் போஸ்டர் கலர் எல்லாம் சேற்று நிறமாகிவிடும், பிரஷ் முடி விரிந்துவிடும், அடுத்த வாரம் பழையபடி கரும்பலகைக்கே திரும்பத் தோன்றும். பொருள்களை ஒவ்வொன்றாகத் திறங்கள். முதலில் பென்சிலும் க்ரையானும். அது பழகியதும் கத்தரிக்கோல், பழைய பத்திரிகை, பசை. வர்ணம் அதற்கு அப்புறம்தான்.

வர்ண மேசையில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை மட்டும் போதும். பிரஷ் கழுவ ஒரு குவளை, கலக்க நல்ல தண்ணீர் இன்னொரு குவளை, துடைக்க ஒரு பழந்துணி. நிறம் மாற்றும்போது பிரஷ்ஷை அலசி, துணியில் ஒற்றி, அப்புறம்தான் அடுத்த நிறத்தைத் தொடவேண்டும் என்பதைப் பத்து நிமிடம் செய்து காட்டுங்கள். பச்சையை நீங்கள் கொடுக்கவே வேண்டாம். யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார், அன்றைக்கு வகுப்பு முழுக்க விதவிதமான பச்சைதான்.

விருப்பத்துக்கு விட்டாயிற்று, இனி கற்பிக்க வேண்டியதில்லை என்று ஒதுங்குவது அடுத்த தவறு. பிள்ளைகளின் கலையைத் தன்போக்கில் வளரவிட வேண்டும் என்று சொல்லி, வியன்னாவில் 1897இல் சிறுவர் ஓவிய வகுப்பு தொடங்கியவர் ஃபிரான்ஸ் சிஸெக். அவரே தலைப்புகள் கொடுத்தார், வரைந்த படங்களைப் பற்றி வகுப்பில் பேசினார். சும்மா இருக்கவில்லை.

அதற்காகப் பிள்ளையின் தாளில் கை வைக்காதீர்கள். மூக்கு சரியாக வரவில்லை என்று பென்சிலை வாங்கி ஒரு கோடு திருத்தினாலும், அந்தப் படம் அதற்குமேல் அவளுடையது இல்லை. காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வேறொரு தாளில் வரைந்து காட்டுங்கள். "இது என்ன, நாயா?" என்றும் கேட்காதீர்கள். குதிரையை வரைந்தவனுக்கு அது எவ்வளவு வலிக்கும்! "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டால் அவனே சொல்வான்.

"மிஸ், எனக்கு ஒண்ணுமே தோணலை" என்று வருபவருக்கு உடனே ஒரு தலைப்பைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அப்படிச் செய்தால் அடுத்த வாரமும் அதே கேள்வியோடு வருவார். வண்ணத் தாள்களைப் புரட்டட்டும், பக்கத்து மேசையைக் கொஞ்ச நேரம் பார்க்கட்டும். ஜப்பானியக் கார்ட்டூன் நாயகன் நருட்டோவையே வாராவாரம் வரைகிற பையனையும் தடுக்க வேண்டாம். பார்த்து வரைவதும் கற்றல்தான். அந்த முகத்தையே வேறு கோணத்தில், வேறு கோபத்தில் வரையச் சொல்லிப் பாருங்கள்.

சுத்தம் செய்யும் நேரத்தை மறந்துவிடாதீர்கள். நாற்பது நிமிடப் பீரியடில் கடைசி ஏழெட்டு நிமிடம் அதற்கே போகும்.

மதிப்பெண் விஷயத்தில்தான் பழைய வழக்கம் மறுபடி உள்ளே நுழைகிறது. ஆளுக்கொன்று செய்யும் வகுப்பில், முடிந்த படத்தின் நேர்த்தியை மட்டும் பார்த்து மார்க் போட்டால், பிள்ளைகள் தெரிந்ததையே திரும்ப வரைவார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் ஜீரோ என்ற கல்வி ஆய்வு மையத்தினர் 2007இல் ஓவியப் பட்டறைகளில் வளரும் எட்டுப் பழக்கங்களைத் தொகுத்தார்கள். உற்றுக் கவனிப்பது, மனதில் உருவகிப்பது, விடாமல் முயல்வது எல்லாம் அதில் உண்டு. இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு, ஸ்கெட்ச் நோட்டைப் பார்த்து மதிப்பிடலாம். ஆண்டுவிழாக் கண்காட்சியிலும் அழகான படங்களை மட்டும் பொறுக்காமல், எதை மாட்டுவது என்று பிள்ளையையே கேளுங்கள். பக்கத்தில் அவளே எழுதிய இரண்டு வரியும் இருக்கட்டும்.