லிஃப்ட் போட்ட ஜீப் அதிர்கிறதா?
வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டபின் 70, 80 கி.மீ. வேகத்தில் வண்டி அதிர்ந்தால், உடனே வீல் பேலன்சிங்குக்கு ஓடாதீர்கள். காலி ரோட்டில் அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் எஞ்சின் மேல் தப்பில்லை; டயர் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சக்தியைச் சக்கரங்கள் பக்கம் கொண்டுபோகும் சுழல் தண்டு) பக்கம் பாருங்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்றால் என் முதல் சந்தேகம் ஷாஃப்ட் கோணம்தான். வண்டி உயர்ந்தால் ஷாஃப்ட் முனையில் இருக்கும் மூட்டு, அதாவது யூ-ஜாயின்ட், கூடுதலாக மடங்கும், பாவம்.

அப்புறம், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஷாஃப்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தாலோ, அதன் கப் (பேரிங் மூடி) ஓரத்தில் செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். மெதுவாக ஓட்டும்போது எலி கத்துவதுபோல 'கீச் கீச்' என்று கேட்டால், பெரும்பாலும் உள்ளே கிரீஸ் வற்றியிருக்கும்.