கொசு உள்ளானா, டெம்மிங்க் உள்ளானா?

சேற்றிலும் நீரோரத்திலும் மேயும் இந்தப் பறவைகள் (Little Stint, Temminck's Stint) இரண்டும் சிட்டுக்குருவி அளவுதான்: 12 முதல் 15 செ.மீ. வரை. அளவை வைத்துப் பிரிக்க முயன்றால் பொழுதுதான் போகும். இரண்டுக்கும் அறிவியல் பெயரிட்டவர் ஒருவரே, ஜெர்மானியரான லைஸ்லர். ஆண்டும் ஒன்றே, 1812.

எல்லோரும் முதலில் பார்ப்பது காலின் நிறத்தை. கொசு உள்ளானுக்குக் கறுப்பு, டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. தவறு நடப்பதும் இங்கேதான். ஈரச் சேறு ஒட்டினால் பச்சைக் கால் கறுப்பாகிவிடும், காய்ந்த சேறு கறுப்புக் காலை வெளிறச் செய்யும். எதிர்வெயிலிலோ எந்தக் காலும் கறுப்புதான். வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்று, பறவை தண்ணீரில் இறங்கி ஏறும்வரை பொறுங்கள். சேறு எட்டாத மேல்காலைப் பாருங்கள்.

கால் தெரியாவிட்டால் மார்பு. குளிர்காலத்தில் கொசு உள்ளானின் மார்பு நடுவில் வெள்ளை, ஓரங்களில் மட்டும் சாம்பல் படிந்திருக்கும். முகத்தில் வெண்புருவம் தெரியும். டெம்மிங்குக்குத் தலை, கழுத்து, மார்பு எல்லாம் ஒரே மங்கிய பழுப்புச் சாம்பல். அது வெள்ளை வயிற்றின் மேல் பட்டென்று நின்றுவிடும். வாலாட்டிக்கொண்டே கரையில் நடக்கும் சாதாரண உள்ளானைச் (Common Sandpiper) சுருக்கிவைத்தது போல இருக்கும்.

நடையும் இடமும் தூரத்திலிருந்தே துப்புக் கொடுக்கும். கோடியக்கரை உப்பளம் போன்ற திறந்த சேற்றில் கூட்டமாக ஓடி ஓடிக் கொத்தினால் பெரும்பாலும் கொசு உள்ளான். ஏரியோரப் புல்லடியிலோ வயல் தண்ணீரிலோ தனியாக, காலை மடக்கிப் பதுங்கிப் பதுங்கி மேய்வதை டெம்மிங்க் என்று சந்தேகியுங்கள். இது உறுதியல்ல, சில நேரம் இரண்டும் ஒரே குட்டையில் மேயும்.

பறக்கும்போதுதான் வழக்கு தீரும். டெம்மிங்கின் வாலோரச் சிறகுகள் தூய வெள்ளை, கொசு உள்ளானுக்குச் சாம்பல். குரலில் டெம்மிங்க் ‘டிர்ர்ர்’ என்று உருட்டும், மற்றது ‘டிட்’ என்று வெட்டும். இதற்காகப் பறவையை விரட்ட வேண்டாம், அதுவாகவே எழும்.

செப்டம்பரில் வரும் இளம் கொசு உள்ளானின் முதுகில் வெள்ளைக்கோடுகள் ஆங்கில ‘வி’ வடிவில் இருக்கும். டெம்மிங்குக்கு அது கிடையாது.

மஞ்சள் கால் என்றதும் டெம்மிங்க் என்று எழுதிவிடாதீர்கள். இன்னொரு சிறு உள்ளானான நீள்விரல் உள்ளானுக்கும் (Long-toed Stint) அதே கால்தான், ஆனால் அதன் முதுகில் அடர்ந்த கறுப்புக் கீற்றுகள் ஓடும். கழுத்தை நிமிர்த்தி நிற்கும். காலும் மார்பும் வாலும் பிடிபடாத பறவையை இனம் குறிக்காமல் ‘சிறு உள்ளான்’ என்றே பதியுங்கள்.