மசாஜ் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அழுத்தம் கூடினால் பலன் கூடாது

புதுச்சேரியில் மசாஜ் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். நாங்கள் கற்ற காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். நகம் வெட்டு, கை கழுவு என்பதெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்; அதை விட்டுவிடுகிறேன். வீட்டில் அப்பா அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுகிறவர்களும் இதைப் படிக்கலாம்.

வலித்தால்தான் பலன் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

வீராம்பட்டினத்து மீனவர் ஒருவர் வந்தார். வலை இழுத்து இழுத்து வலது தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. "நல்லா அழுத்து தம்பி, மெதுவா புடிச்சா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். பயிற்சிக்கு வந்த பையன் "சரிண்ணே" என்று முழங்கையை ஊன்றி உடம்பு எடை முழுவதையும் இறக்கினான். அவன் கண் தோளிலேயே இருந்தது. கட்டிலின் மறுமுனையில் அவருடைய கால்விரல்கள் மடங்கின. மூச்சை அடக்கிக்கொண்டார். இடது கை கட்டில் விளிம்பை இறுகப் பற்றியது. நான் ஓடிவந்து நிறுத்தச் சொல்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் தோளில் நீலமாகக் கன்றியிருந்தது. கையைத் தூக்க முடியாமல் கடலுக்குப் போகவில்லை. அன்றன்று சம்பாதிக்கிற மனிதருக்கு அது வருமான இழப்பு. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

வலி வந்ததும் உடம்பு தற்காப்புக்குத் தசையை இறுக்கும். அதன்மேல் இன்னும் அழுத்தினால் இன்னும் இறுகும், சிறு ரத்தக் குழாய்கள் உடைந்து கன்றும். முரட்டு மசாஜால் தசை நார்களே சிதைந்துபோனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

அதற்காகப் பட்டும் படாமலும் தடவினாலும் வேலைக்காகாது. மியாமி பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடுகைக்கென்றே ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியவர் டிஃபனி ஃபீல்டு. மிதமாக அழுத்தும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பை இளைப்பாற வைக்கும் வேகஸ் நரம்பு சுறுசுறுப்பாகிறது என்று அவருடைய குழு கண்டது. மிக லேசான தடவலில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மிதம் என்றால் என் கணக்கில் இதுதான்: தோலோடு அடியிலுள்ள தசையும் சேர்ந்து அசைய வேண்டும், படுத்திருப்பவரின் மூச்சு ஒரு தடவைகூடத் தடைபடக் கூடாது.

வேகமும் முக்கியம். ரோமமுள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே சில நரம்பு இழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்துக்குத்தான் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். நொடிக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 சென்டிமீட்டர் முன்கையை நீவ 8 நொடி ஆக வேண்டும். பிள்ளைகள் இரண்டே நொடியில் முடித்துவிடுகிறார்கள்!

அழுத்தச் சொல்லிக் கேட்பவரிடம் "அஞ்சு நிமிஷம் கொடுங்கண்ணே, தசை இளகட்டும், அப்புறம் ஆழமா போறேன்" என்று சொல்லுங்கள். கண் முகத்திலும் கால்விரலிலும் இருக்கட்டும்.

கழுத்தின் முன்பக்கம்

கை வைக்காதீர்கள்.

ஒரு காலில் மட்டும் வீக்கம்

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடவே கூடாது. நீண்ட பயணத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகென்றால் சந்தேகம் இன்னும் கூடும். காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயான ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்துவிட்டால் அந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஜிப்மரோ பக்கத்து மருத்துவமனையோ, அன்றைக்கே அனுப்புங்கள்.

லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறோம் என்பது

கடுமையாக உழைக்கும் தசையில் சேரும் இந்த அமிலத்தை மசாஜ் வெளியேற்றும் என்று வருபவர்களிடம் சொல்லாதீர்கள். உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பே அதைச் சரிசெய்துவிடும். மறுநாள் வலிப்பது தசை நாரின் நுண்ணிய சிதைவால். அந்த வலியை மசாஜ் ஓரளவு குறைக்கும். அதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

கேட்காமல் தொடுவது

ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

வீட்டார் கையை மறந்துவிடுவது

கடலூர் முதுநகரில் ஒரு பெரியவருக்குக் கால் பிடிக்கப் போவேன். மகன் அதே வீட்டில்தான் இருக்கிறார். காசு கொடுப்பார், அப்பாவைத் தொடமாட்டார். 2006இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோனின் குழு, மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்த மணமான பெண்களின் மூளையை ஸ்கேன் செய்தது. கணவர் கையைப் பிடித்திருந்தபோது அச்சத்துக்குத் துடிக்கும் பகுதிகள் அடங்கின. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது அந்த அளவுக்கு அடங்கவில்லை. இதைச் சொல்லி மகனை உட்காரவைத்தேன். பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தி, குதிகாலிலிருந்து விரல்வரை கட்டைவிரலால் மெதுவாக நீவக் காட்டினேன். பெரியவருக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்வு குறைவு. அதனால் நல்லெண்ணெயின் சூட்டை மகன் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும், புண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், முடித்ததும் விரலிடுக்கில் எண்ணெய் தங்காமல் துடைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.