அரவைச் சுற்றிலேயே தங்கத்தைப் பிடிக்கும் முறை

தங்க ஆலையில் மையவிலக்குச் செறிவூட்டியை (வேகமாகச் சுழலும் கிண்ணத்தில் கனமான தங்கத்தைப் பிரித்துப் பிடிக்கும் கருவி) நிறுவிவிட்டால் மட்டும் தங்க மீட்பு உயராது. அதை எங்கே வைக்கிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் அமையும். தங்கத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 19.3 கிராம், குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 கிராம் என்பதால் இரண்டையும் பிரிப்பது எளிது என்று தோன்றலாம். ஆனால் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு கனிமத்துக்குள் நுண்துகளாகப் புதைந்த தங்கத்துக்கு இந்த வேறுபாடு பெரிதாக உதவாது. எனவே முதலில் தாதுவைச் சோதிக்க வேண்டும். மெக்கில் பல்கலைக்கழகத்தில் லாப்லான்ட் வகுத்த சோதனையில் மாதிரியை மூன்று கட்டங்களாக மேன்மேலும் நுண்மையாக அரைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வகச் செறிவூட்டியில் செலுத்திப் பிடிபடும் தங்கத்தை அளக்கிறார்கள்.

கருவிக்கு உரிய இடம் அரவைச் சுற்று, அதாவது தாதுவைப் போதிய நுண்மை வரும்வரை மில்லில் திரும்பத் திரும்ப அரைக்கும் பகுதி. குண்டுகளைக் கொண்டு தாதுவை அரைக்கும் பால் மில்லில் (ball mill) தங்கம் எளிதில் நொறுங்காமல் நசுங்கித் தட்டையாகிறது. அடர்த்தி மிகுந்திருப்பதால் அரைத்த தாதுக் கூழைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோனின் அடிப்போக்கில் (கனமான, பருத்த துகள்கள் கீழே வெளியேறும் ஓட்டம்) இறங்கி, திரும்பத் திரும்ப மில்லுக்கே வந்து சேர்கிறது. ஆகவே அடிப்போக்கில் ஒரு பகுதியைச் செறிவூட்டிக்குத் திருப்பிவிட்டாலே போதும். இம்முறை தப்பிய துகள் அடுத்த சுற்றில் மீண்டும் வரும். அதை அப்படியே விட்டுவைத்தால் இறுதியில் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு தொட்டிக்குப் போய், கரைய நேரம் போதாமல் கழிவோடு வெளியேறக்கூடும்.

செறிவூட்டிக்குச் செல்லும் கூழை முதலில் சுமார் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே தங்கும் பருமணலை மில்லுக்கே திருப்ப வேண்டும். இதைவிடக் கூடுதல் கவனம் கேட்பது கிண்ணத்தின் துளைகள் வழியே உள்ளே பாயும் நீர். அதன் அழுத்தம் குறைந்தால் மணற்படுகை இறுகிப்போய்த் தங்கத்துக்கு இடம் கிடைக்காது. கூடினால் நுண்தங்கம் அடித்துச் செல்லப்படும். வண்டல் கலந்த நீர் துளைகளை அடைத்துவிடும் என்பதால், வடிகட்டிய நீரையே பயன்படுத்தி, நிறுத்தும் போதெல்லாம் கிண்ணத்தைக் கழற்றித் துளைகளைப் பார்ப்பது நல்லது. சல்பைடு மிகுந்த தாதுவானால் ஒருமுறை காலி செய்வதற்கும் அடுத்த முறைக்கும் இடையிலான சுழற்சி நேரத்தைக் குறைத்து, அடிக்கடி காலி செய்ய வேண்டும்.

செறிவூட்டியில் சேர்ந்த தங்கச் செறிவை அதிர்வு மேசையிலோ, செறிந்த சயனைடு கரைப்புக் கலனிலோ கையாளலாம். பாதரசம் வேண்டவே வேண்டாம். செறிவைக் கையாளும் அறைக்குப் பூட்டும் கண்காணிப்பும் கட்டாயம்.

செறிவூட்டியில் விழும் தங்கம் கூடினால் மொத்த மீட்பும் கூடிவிட்டது என்று பொருளல்ல, ஏனெனில் அதில் ஒரு பங்கு எப்படியும் சயனைடில் கரைந்திருக்கும். இறுதிக் கழிவைப் பருமன்வாரியாகச் சலித்து, ஒவ்வொரு பகுதியிலும் தங்கத்தை அளந்து பாருங்கள். பருத்த பகுதியில் பாறையிலிருந்து தனியே பிரிந்த தங்கத் துகள்கள் தென்பட்டால் ஈர்ப்புப் பிரிவை (செறிவூட்டி உள்ள பகுதியை) சீர்செய்ய வேண்டும். தங்கம் பாறைக்குள் சிக்கியிருந்தால் அரவையின் நுண்மையைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.