நோயாளியின் தலையை ஸ்கேன் படத்தோடு பொருத்துதல்

கணினி வழிகாட்டும் மூளை அறுவையில், திரையில் தெரியும் சிடி அல்லது எம்ஆர்ஐ படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மேசையில் படுத்திருப்பவரின் தலையில் எங்கே இருக்கிறது என்பதைக் கருவிக்கு அறிவிக்கும் வேலைக்கு ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர்.

இவ்வேலை ஸ்கேன் அறையிலேயே தொடங்கிவிடுகிறது. படத்துண்டுகள் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனில், இடைவெளியின்றி எடுக்கப்பட வேண்டும். தோலில் ஒட்டும் மார்க்கர்களைப் (ஸ்கேன் படத்திலும் தெரியும் சிறு அடையாளங்கள்) பொறுத்தவரை, ஒரே கோட்டில் அமையாத 3 புள்ளிகள் கணக்குக்குப் போதும் என்றாலும், 6 அல்லது அதற்கு மேல் ஒட்டுவதே பாதுகாப்பானது. அறுவைக்குரிய இடம் அவற்றின் நடுவில் அமையும்படி பரப்பி ஒட்டுங்கள். புள்ளிகளின் மையத்துக்கு அருகே பிழை மிகக் குறைவாக இருந்து, விலகிச் செல்லச் செல்ல வளரும். கன்னம், கழுத்து போன்று தோல் எளிதில் நகரும் இடங்களைத் தவிர்த்து, நெற்றியையும் காதுக்குப் பின்னுள்ள எலும்பு மேட்டையும் தேர்ந்தெடுங்கள். மார்க்கர் விழுந்தாலும் இடம் தெரியும்படி சுற்றிலும் பேனாவால் கோடிட்டு வைப்பது நல்ல பழக்கம்.

அறுவை அறையில் தலையைக் கவ்வியில் இறுக்கி, கேமரா பின்தொடரும் குறிச்சட்டத்தை அந்தக் கவ்வியிலேயே அசையாமல் பூட்டிய பிறகு, கேமரா இடம் காணும் சுட்டுகோலின் முனையால் ஒவ்வொரு மார்க்கரின் மையத்தையும் தோலை அழுத்தாமல் தொட வேண்டும். கவ்வியின் ஊசிகள் இழுத்த தோலில் உள்ள மார்க்கரை நம்பாமல் விட்டுவிடலாம்.

பலரும் தவறுவது இதற்குப் பின்புதான். பொருத்தம் முடிந்ததும் திரையில் தோன்றும் பிழை எண், தொட்ட மார்க்கர்கள் படத்தில் உள்ளவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே காட்டும். கட்டி இருக்கும் ஆழத்தில் பிழை எவ்வளவு என்பதை அது சொல்லாது. எண் சிறியதாக இருக்கையிலேயே உள்ளே சில மில்லிமீட்டர் விலகல் இருக்கக்கூடும். ஆகவே கணக்கில் சேராத இடங்களை, அதாவது மூக்கின் வேர், கண்ணின் வெளிமுனை, காதின் முன்மேடு ஆகியவற்றை, சுட்டுகோலால் தொட்டு, திரையிலும் முனை அதே இடத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இயன்றவரை அறுவை இடத்துக்கு அருகிலும் ஒரு புள்ளியைச் சோதியுங்கள். துணி விரித்த பின் ஒருமுறையும், குறிச்சட்டத்தில் யாருடைய கையேனும் இடித்தால் உடனடியாகவும் இச்சோதனை திரும்பச் செய்யப்பட வேண்டும்.

மூளையுறையைத் திறந்து மூளைத் தண்டுவட நீர் வடிந்ததும் மூளை தாழ்ந்து நகரும். மண்டையோட்டோடு பொருந்திய படம் இந்த நகர்வை அறியாது. அப்போது கட்டியின் எல்லையைக் காண அறுவையின் நடுவே எடுக்கும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ படமே துணை.