பழைய பெர்ஃபாமன்ஸ் கார் வாங்குகிறீர்களா? பில்களைப் படிப்பதில் நடக்கும் தவறுகள்

2017-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 இந்தியாவுக்கு வந்தபோது அதன் எக்ஸ்-ஷோரூம் விலை சுமார் 25 லட்சம் ரூபாய். 230 குதிரைத்திறன் கொண்ட டர்போ இன்ஜின், ஐந்து பேர் உட்காரும் இடம், பெரிய டிக்கி. 2020-ல் வந்த ஆர்எஸ் 245 நாடு முழுவதற்கும் சேர்த்தே 200 கார்கள்தான். ஆகவே இவற்றில் ஒன்று சென்னையிலோ கோவையிலோ விற்பனைக்கு வந்தால், பார்க்கப் போகிறவர் பாதி மனதை முன்பே கொடுத்துவிட்டுத்தான் போகிறார். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடீஸ் ஏஎம்ஜி, போர்ஷே பாக்ஸ்டர் என்று எதை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். பெயின்டையும் சக்கரங்களையும் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவர்கள், சர்வீஸ் பில்களைப் புரட்ட ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. வாங்கிய பிறகு பல லட்சம் செலவு வைப்பது பெயின்ட் அல்ல. அந்தப் பில்களில் இல்லாமல் போன ஏதோ ஒரு வரி.

"எல்லா சர்வீஸும் கம்பெனியில்தான்" என்பதை அப்படியே நம்புவது

விற்கிறவர் இதைச் சொல்லும்போது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆனால் கம்பெனி பணிமனையில் விட்டதற்கும், செய்ய வேண்டிய வேலைகள் அனைத்தும் செய்யப்பட்டதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் உள்ள முத்திரை, கார் அன்று அங்கே வந்தது என்பதை மட்டுமே காட்டும். என்ன ஆயில் ஊற்றினார்கள், எந்த ஃபில்டர் மாற்றினார்கள், எந்த வேலையை உரிமையாளர் "அடுத்த முறை பார்க்கலாம்" என்று தள்ளிவைத்தார் என்பதெல்லாம் பில்லில்தான் இருக்கும். பல பணிமனைகள் தாங்கள் பரிந்துரைத்து வாடிக்கையாளர் மறுத்த வேலைகளையும் பில்லின் அடியில் குறிப்பிடுவது உண்டு. முதலில் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

ஆர்எஸ் 230-ஐயே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது ஈரக் கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் பாக்ஸ். கிளட்ச் தகடுகள் ஆயிலுக்குள்ளேயே சுழல்வதால், தேய்மானத் துகள்கள் அந்த ஆயிலில்தான் சேரும். ஆகவே 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் மாற்றும் வழக்கமான சர்வீஸில் இது சேராது. தனி வேலை, தனிச் செலவு. 72,000 கிலோமீட்டர் ஓடிய காரின் கோப்பில் ஆண்டுதோறும் சர்வீஸ் பில் இருந்தும் டிஎஸ்ஜி ஆயில் என்ற வரி எங்குமே இல்லையென்றால், முழு சர்வீஸ் வரலாறு உள்ள கார் என்று அதைச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 55,000-க்கும் 60,000-க்கும் இடையே விற்பனைக்கு வரும் கார்கள் நிறைய. பெரிய பில் வருவதற்கு முன் கைமாற்றிவிட வேண்டும் என்பதே பல நேரங்களில் காரணம். அப்படிப்பட்ட காரை வாங்கக் கூடாது என்பதில்லை. அந்தப் பில் தொகையை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

ஒவ்வொரு காருக்கும் இப்படித் தேடிப் பார்க்க வேண்டிய வரி ஒன்று உண்டு. பிஎம்டபிள்யூவின் பெர்ஃபாமன்ஸ் வகையான எம் கார்களில் முதல் 2,000 கிலோமீட்டரில் ஓட்டப்பழக்க சர்வீஸ் செய்து இன்ஜின் ஆயிலையும், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்ற வேண்டும். புது இன்ஜினில் உரசி வரும் துகள்களை வெளியேற்றும் வேலை அது. முதல் உரிமையாளர் அதைத் தவறவிட்டிருந்தால் பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் ஈடுகட்ட முடியாது. 2012-க்கும் 2015-க்கும் இடையே வந்த 328ஐ கார்களில் இருக்கும் என்20 இன்ஜினில், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைவது உலகறிந்த குறை. உடைந்து செயின் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். செயின் தொகுப்பை மாற்றிய பில் இருந்தால் அந்தக் காருக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன். பழைய போர்ஷே 911 (996 வகை), பாக்ஸ்டர் கார்களில் இப்படித் தேடிப் பார்க்க வேண்டிய வரி, இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டு பேரிங் எனப்படும் ஐஎம்எஸ் பேரிங். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் 2.0 லிட்டர் டர்போவில் தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசியும். கூலன்ட் ஊற்றியதாக அடுத்தடுத்து இரண்டு பில்களில் வந்தும் கூடு மாற்றிய பில் இல்லையென்றால், கசிவு இன்னும் இருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

எனவே கார் பார்க்கக் கிளம்புவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து, அந்த மாடலின், அந்த ஆண்டு இன்ஜினின் தெரிந்த குறைகள் என்னென்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். கோப்பைத் திறக்கும்போது கண் எங்கே போக வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லும்.

குறைவாக ஓடியது என்பதை மட்டும் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வது

"ஏழு வருஷக் கார், 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று கேட்டதும் முகம் மலராதவர் குறைவு. நான் அங்கேதான் கூடுதலாக விசாரிப்பேன். ஆயில் ஓடினால் மட்டும் கெடுவதில்லை, நின்றாலும் கெடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். சென்னை போன்ற கடலோர ஊரின் உப்புக் காற்றில் மூடிக் கிடக்கும் காரின் ரப்பர் புஷ்கள் வெடிக்கும், பிரேக் காலிப்பர் இறுகும். ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பதையே வழக்கமாகக் கொண்ட காரில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாக வழியில்லை. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் மட்டுமே உள்ள இன்ஜின்களில் அது உள்வால்வுகளைக் கழுவுவதில்லை என்பதால் அவற்றில் கரி படிவது இயல்பு. குறுந்தூர ஓட்டம் அதை விரைவுபடுத்தும்.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, ஒவ்வொரு ஆண்டும் ஆயில் மாற்றிய கார் என் கணக்கில் மேலானது. நடுவில் பதினெட்டு மாதம், இரண்டு ஆண்டு என்று இடைவெளி விழுந்திருந்தால் அது ஏன் என்று கேளுங்கள். கொரோனா ஊரடங்கு என்றால் நம்பலாம். "ஓட்டவே இல்லை, அதனால் சர்வீஸ் செய்யவில்லை" என்றால் விலையைக் குறைக்க அதுவே காரணம்.

மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் பார்ப்பது

டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது இன்று கடினமான வேலை அல்ல. ஆனால் நவீன காரில் ஓடிய தூரம் ஓர் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. இன்ஜின் கணினி, கியர் பாக்ஸ் கணினி எனப் பல இடங்களில் அது பதிவாகிறது. பல பிஎம்டபிள்யூ மாடல்களில் சாவியே தூரத்தைச் சேமித்து வைக்கும்; கம்பெனி பணிமனையில் சாவியை வைத்தே படித்துவிடுவார்கள். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் அச்சாகி இருக்கும். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். எண் எங்காவது பின்னோக்கிப் போனாலோ, ஆண்டுக்கு 15,000 என்று ஓடிய கார் திடீரென 800 என்று சுருங்கினாலோ காரணம் கேட்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 18,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லும் 2018 காரில் 2022-ல் தயாரான டயர்கள் இருந்தால் பழைய டயர்கள் எங்கே போயின என்ற கேள்வி எழுகிறது. நான்கும் வெவ்வேறு பிராண்டாக இருந்தால் அது வேறொரு செய்தி. இவ்வளவு வேகமாகப் போகும் காரில் டயருக்குக் கணக்குப் பார்த்தவர் ஆயிலுக்கும் கணக்குப் பார்த்திருப்பார்.

ட்யூனிங் செய்ததைக் கேட்காமல் விடுவது

டர்போ கார்களில் கணினி மென்பொருளை மட்டும் மாற்றிக் கணிசமாகச் சக்தியைக் கூட்டிவிடலாம். ஸ்டேஜ் 1 என்று சொல்வது இதைத்தான். விற்கும் முன் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றி, புகைக்குழாயையும் பழையபடி மாட்டி, "அப்படியே கம்பெனி கார்" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் தடம் முழுவதும் அழிவதில்லை. எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்பதைப் பல இன்ஜின் கணினிகள் எண்ணி வைக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட காருக்கு டிடி1 என்ற குறி கம்பெனி ஆவணத்தில் ஏறும். பிறகு இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் வாரன்டி கேட்டால் மறுக்க வாய்ப்பு அதிகம்.

ட்யூன் செய்த கார் என்பதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள். யார் செய்தது, எப்போது செய்தது, அதன் பிறகு எத்தனை ஆயிரத்துக்கு ஒரு முறை ஆயிலும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றினார், எந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினார் என்று பில்லோடு சொல்கிறவரிடம் தாராளமாகப் பேசலாம். மறைத்தவரிடமிருந்து மட்டும் வாங்காதீர்கள். இதை மறைத்தவர் வேறெதை மறைத்தார் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

பந்தயத் தடத்துக்கும் இதே அளவுகோல்தான். இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பிரேக் டிஸ்க்கில் சூட்டால் விழுந்த மெல்லிய வெடிப்புகள், டயரின் தோளில் உருகித் தேய்ந்த ரப்பர் ஆகியவை அதற்கு அடையாளம். கையால் கியர் மாற்றும் போர்ஷேயில், தவறான கியருக்குப் போய் இன்ஜின் எல்லை மீறிச் சுழன்றது எத்தனை முறை, இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் என்பதைக் கணினியே பதிந்து வைத்திருக்கும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சூடான இன்ஜினைப் பார்த்துத் திருப்தியடைவது

நீங்கள் போகும்போதே கார் ஸ்டார்ட் செய்து தயாராக நின்றால், அன்று பார்ப்பதை ஒத்திப்போடுங்கள். டைமிங் செயின் தளர்ந்த சத்தம், புகை, சீரற்ற ஐடிலிங் எல்லாம் இரவு முழுக்க நின்ற இன்ஜினின் முதல் சில நொடிகளில்தான் வெளிப்படும். பானட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும்.

மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதும் போதாது. முந்தைய நாள் மாலை, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறிகளை அழித்திருக்கலாம். நல்ல செய்தி என்னவென்றால், குறிகளை அழித்த பிறகு கார் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைச் சாதாரண ஓபிடி ஸ்கேனரே காட்டும். அது 20 கிலோமீட்டர் என்றால், என்ன அழித்தீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். அந்தந்தக் கம்பெனியின் கணினிகளை முழுமையாகப் படிக்கும் கருவி உள்ள தனிப் பணிமனையில் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. பணிமனையை நீங்கள் தேர்ந்தெடுங்கள், விற்கிறவர் அல்ல.

காப்பீட்டுத் தாளைப் படிக்காமல் விடுவது

பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஆண்டுகள் கூடக்கூட அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஆறு ஆண்டுகளாக ஒரே உரிமையாளரிடம் இருந்த காரின் பாலிசியில் 20 சதவீதம் மட்டுமே இருந்தால், அண்மையில் கிளெய்ம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அது பம்பர் கீறலா, முன்பக்கம் முழுவதுமா என்பதைப் பணிமனை பில் சொல்லும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியும் உதவும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும்.

சென்னைக் கார்களில் வெள்ளம் தனிக் கவலை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அந்த மாதங்களை ஒட்டிய பில்களைத் தேடிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால் சேற்றுக் கோடு தெரியலாம். ஸ்டெப்னி குழியையும், இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பின் கீழே ஓடும் வயர் இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இணைப்புகளில் பச்சைத் துரு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இதில் விலை பேச ஒன்றுமில்லை.

பணம் கொடுக்கும் நேரத்து அவசரம்

60 லட்சத்துக்கு விற்ற கார் இன்று 15 லட்சத்துக்குக் கிடைத்தாலும் அதன் உதிரிபாகங்கள் 60 லட்ச ரூபாய்க் காரின் விலையில்தான் வரும். கையில் உள்ள முழுத் தொகைக்கும் கார் பார்க்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டு வேலைகளுக்கு ஒதுக்குங்கள்.

வெளிமாநிலக் கார் என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும். மாநிலம் மாறிய கார் 12 மாதத்துக்கு மேல் இங்கேயே இருந்தால் புதுப் பதிவெண் பெற வேண்டும். தமிழ்நாட்டுக்கான சாலை வரியையும் கட்ட வேண்டும். டெல்லி, புதுச்சேரிப் பதிவுக் கார்கள் மலிவாகத் தெரிவதில் இந்த வரிக்கும் பங்கு உண்டு. கடன் முடிந்திருந்தால் வங்கி தந்த படிவம் 35 கோப்பில் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடமும் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் காரோடு வராது, பழைய உரிமையாளரோடே போய்விடும். அந்தக் கூடுதல் பிரீமியத்தையும் முன்பே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.