8 மணி என்றால் 8 மணி

எங்கள் புராஜெக்ட் குழுவின் இணையவழிக் கூட்டங்களைக் கூட்டுவது என் தலையில் விழுந்த வேலை. தாமதமாக வருகிறவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் இல்லை. பலர் சரியாக 8 மணிக்குத்தான் மடிக்கணினியைத் திறக்கிறார்கள், கோளாறே அங்கேதான். திறந்ததும் ஜூம் அப்டேட் கேட்கிறது. புளூடூத் ஹெட்போன் கைப்பேசியை விட்டு வர மறுக்கிறது. "லிங்க் எங்கே?" என்று வாட்ஸ்அப்பில் தேடல் தொடங்குகிறது. 8.10-க்கு முகம் தெரிகிறது, குரல் வருவதில்லை.

ஆகவே 7.50-க்கே நுழைந்து, மைக்கைச் சோதித்து, அணைத்துவிட்டு உட்காருங்கள். கூட்டத்தைக் கூட்டுபவர் நீங்களானால் லிங்கை வாட்ஸ்அப் குழுவின் மேலே பின் செய்து வையுங்கள். நீங்கள் அனுமதிக்கும்வரை வருபவரை வெளியே நிறுத்திவைக்கும் வெயிட்டிங் ரூமையும் கவனியுங்கள். நீங்கள் திரையைப் பகிர்ந்து பேசிக்கொண்டிருக்க, நேரத்துக்கு வந்த ஒருவர் வெளியிலேயே நின்றுகொண்டிருப்பார். பாஸ்கோடு இருக்கிறதென்றால் அந்த அறையை அணைத்துவிடலாம்.

"இன்னும் இரண்டு பேர் வரட்டும்" என்று காத்திருப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டத்துக்கு 40 நிமிடம்தான். 10 நிமிடம் காத்திருந்தால் கால்வாசி போயிற்று. தண்டனை நேரத்துக்கு வந்தவர்களுக்கு! நலம் விசாரிப்பைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வேலைப் பங்கீட்டை முதலில் வையுங்கள். வந்திருப்பவர்கள் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள், பிந்தியவருக்கு மிச்சம். எங்கள் குழுவில் அந்த மிச்சம் பெரும்பாலும் மேற்கோள் நூற்பட்டியலைச் சரிபார்ப்பதுதான். காற்புள்ளி எங்கே, ஆண்டு எங்கே என்று ஓர் இரவு முழுக்க அதோடு மல்லாடிய நண்பர் அடுத்த கூட்டத்துக்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

பிந்தி வருபவருக்காகப் பேசியதையே திரும்பப் பேசாதீர்கள். கூகுள் டாக்ஸில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தால் வந்தவர் படித்துக்கொள்வார். அவரும் மைக்கைத் திறந்து காரணம் சொல்ல வேண்டாம். சாட்டில் ஒரு வரி போதும். தாமதம் முன்பே தெரிந்தால் "8.20-க்கு வருவேன்" என்று எழுதுங்கள். "இதோ வந்துவிட்டேன்" என்பது எந்தக் கடிகாரத்திலும் இல்லாத நேரம்.

குழுவில் வெளிநாட்டில் இருப்பவர்கள் உண்டா? கோடை நேரத்துக்காக அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பிய நாடுகள் பல மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகின்றன. கூட்டத்தைக் கூகுள் காலண்டர் அழைப்பாக அனுப்பிவிடுங்கள். அவரவர் இருக்கும் இடத்தின் நேரத்துக்கு அதுவே மாற்றிக் காட்டும்.